நிலத்தடி நீரின் நெறி கண்ட வரலாறு

நீரின் சிறப்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தெய்வப்புலமைத் திருவள்ளுவனார் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான் சிறப்பினை வைத்தமையும், கற்குந்தோறும் அறிவு பெருகுமாற்றை விளக்கப் புகுந்தவிடத்து மணற்கேணியையே உவமையாக எடுத்துக்கொண்டமையும் யாவரும் அறிந்தனவே. மணலைத் தோண்டத் தோண்ட நீர் சுரக்கின்றது என்பது கண்ணாற் காணுஞ் செய்தி. அந்நீர் யாண்டிருந்து வருகின்றது? எத்துணை விரைவில் வருகின்றது? ஒருவன் தன் நிலத்திற் கிணறு தோண்டி இறைப்பின் அயலான் கிணறு வற்றுமோ? வற்றுமெனின் எவ்வளவு தொலைவில், எத்தனை நாளில் வற்றும்? இவ்வினாக்கட்குரிய விடை, கிணற்றை நம்பிப் பயிரிடும் நம்மனோர்க்கு வெறும் நூலறிவு மட்டுமன்று. வாழ்வும் வழக்கும் அதனைப் பற்றி நிற்பனவாம். அவ்விடையை உலகத்தார் எவ்வாறு கண்டனர் என்னும் வரலாற்றை ஒருசிறிது உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றைத் தொடங்குதற்கேற்ற இடம் நியாயஸ்தலமேயாம். 1843-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் ஆக்டன் என்பாருக்கும் பிளண்டெல் என்பாருக்கும் ஒரு வழக்கு நிகழ்ந்தது. ஒரு பருத்தியாலைக்கு நீரளித்து வந்த கிணறு, அயலிடத்தே நிலக்கரிக்காகத் தோண்டிய சுரங்கங்களால் வற்றிப்போயிற்று. ஆலைக்குரியார் முறையிட்டார். ஆற்று நீராயின், மேலிடத்தான் முழுவதையும் வாரிக்கொண்டு கீழிடத்தானை வறியனாக்கலாகாது என்னும் விதி அந்நாட்டில் முன்னரே நிலைபெற்றிருந்தது. நிலத்தடி நீருக்கும் அவ்விதி செல்லுமோ என்பதே ஆண்டு எழுந்த வினா. செல்லாது என்றனர் நீதிபதிகள். அந்நீர் செல்லும் வழியை ஒருவருங் கண்டிலர். இன்று வந்த வழியே நாளையும் வருமென்பதற்கு உறுதியில்லை. ஆதலின் தன் நிலத்தின் அடியிற் கிடைப்பதை நிலத்துக்குரியான் எடுத்துக்கொள்க, அதனால் அயலான் கிணறு வற்றினும் வழக்கில்லை என்பது அவர்தம் தீர்ப்பின் கருத்து. 1861-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய ஒஹையோவின் உயர்தலை நியாயஸ்தலம், பிரேசியர் என்பாருக்கும் பிரவுன் என்பாருக்கும் நிகழ்ந்த வழக்கில், இன்னும் ஒருபடி மேற்சென்றது. நிலத்தடி நீரின் இயக்கம் மனிதர் அறிவுக்கு எட்டாத மறைபொருள். அதற்கு விதி வகுக்கப் புகுதல் முடியாத காரியம் என்று அது கூறிற்று.

அறியாமை காரணமாக ஒரு விதி பிறந்தது என்பதே ஈண்டுக் கருதற்பாலது. அறியவியலாதது என்று நீதிபதிகள் கைவிட்ட அப்பொருளின் நெறியோ, ஒஹையோவின் தீர்ப்புக்கு ஐந்தாண்டு முன்னரே பிரெஞ்சு தேசத்தில் அச்சேறி நூலாக வெளிப்போந்திருந்தது. அதனை அந்நீதிபதிகள் அறிந்திலர் போலும்.

நிற்க. அந்நூல் தோன்றுமுன் மக்கள் கொண்டிருந்த கருத்து யாதென நோக்குவோம். ஐரோப்பிய தேசத்துப் பண்டையறிஞர் பலர், மழைநீர் மட்டும் ஊற்றுக்களுக்கும் ஆறுகளுக்கும் போதாதெனக் கருதினர். கடல்நீர் நிலத்தடிக் குகைகளின் வழியே புகுந்து, உப்பு நீங்கி, மலைகளின் உள்ளே ஏறி ஊற்றாகச் சுரக்கின்றதென்பது ஒரு சாரார் கொள்கை. நிலத்தினுள் அடைபட்ட காற்றே குளிர்ந்து நீராகின்றதென்பது அரிஸ்டாட்டில் முதலியோர் கொள்கை. இவற்றை அளந்து பார்த்து ஆராய்ந்தவர் பியேர் பெரோ என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் சேன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்த மழையையும் அவ்வாற்றில் ஓடிய நீரையும் கணக்கிட்டு, மழை ஆற்றுநீரினும் ஆறு மடங்கு மிகுதியென்று 1674-ஆம் ஆண்டில் ஒரு நூலில் எழுதினார். மழையே போதுமானது, போதியதற்கு மேலும் உளது என்பது தெளிவாயிற்று. ஆயின் அவரும் மழை நிலத்தினுள் ஆழ இறங்குமென்று நம்பினாரல்லர். மரியோத் என்னும் பௌதிகநூலறிஞரே பாரிஸ் வான்காட்சிக் கூடத்தின் நிலவறையிற் கசியும் நீர், மழைக்கேற்ப மிகுதலையுங் குறைதலையுங் கண்டு, மழை நிலத்தினுள் இறங்குமென்பதை நாட்டினார். அவர் நூல் அவர் காலஞ்சென்றபின் 1686-இல் வெளிவந்தது. நீர் யாண்டிருந்து வருகின்றது என்னும் முதல் வினாவிற்கு இங்ஙனம் விடை கிடைத்தது. எத்துணை விரைவில் வருகின்றது என்னும் வினா மட்டும் மேலும் நூற்றெழுபது ஆண்டு விடையின்றியே கிடந்தது.

அதற்கு விடை கண்டவர் ஹென்ரி டார்சி என்னும் எஞ்சினீயர். அவர் 1803-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து டிஜோன் நகரிற் பிறந்தார். பதினான்காம் வயதில் தந்தையை இழந்தார். தாயின் முயற்சியாற் கல்வி பயின்று, பாரிஸ் மாநகரத்து உயர்கலைச் சாலைகளிற் றேறி, அரசாங்கத்தின் பாலங்கள் பாதைகள் இலாகாவில் உத்தியோகம் பெற்றுத் தம் ஊருக்கே வந்து சேர்ந்தார். அக்காலத்து டிஜோன் நகரத்தார் அழுக்கடைந்த கிணறுகளையும் ஆற்றையுமே குடிநீருக்கு நம்பியிருந்தனர். டார்சி, நகருக்கு அப்பால் ரோசுவார் என்னும் இடத்து ஊற்றினைத் தேர்ந்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட மூடிய கால்வாய் ஒன்று அமைத்து, 1840-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நீரை நகரின்கட் கொணர்ந்தார். பின்னர்த் தெருக்கள்தோறுங் குழாய் பதித்து, ஏழையர் தெருவினும் செல்வர் தெருவினும் ஒப்ப நீர் கிடைக்கச் செய்தார். இத்துணைப் பெரும்பணிக்குத் தமக்குரிய ஊதியத்தை அவர் வேண்டாவென மறுத்துவிட்டார். நகரத்தார் அளித்த பதக்கமும், தம் வாழ்நாள்காறும் தம் இல்லத்திற்கு விலையின்றி வரும் நீருமே அவர் ஏற்றுக்கொண்ட கைம்மாறு.

பின்னர் உடல்நலங் குன்றி உத்தியோகத்தினின்று விலகிய டார்சி, எஞ்சிய நாளைச் சோதனைகளிற் செலவிட்டார். நகரங்கட்கு வழங்கும் நீரை மணலூடே செலுத்தித் தூய்மை செய்யும் வழக்கம் அந்நாளில் இருந்தது. ஒரு நகருக்கு வேண்டிய நீரை வடிகட்ட எத்துணை அகலமான மணற்படுகை வேண்டும் என்பதைக் கணக்கிட எவரும் அறிந்திலர். குத்துமதிப்பாகவே செய்து வந்தனர். இதனை அறியும் பொருட்டு 1855-ஆம் ஆண்டின் இறுதியில், டிஜோன் நகரத்து மருத்துவச்சாலையின் முற்றத்தில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தினார். அதன் உயரம் இரண்டரை மீட்டர். உள்விட்டம் 35 சென்டிமீட்டர். அதனுள் சோன் ஆற்று மணலை இட்டு, மேலிருந்து நீரைச் செலுத்தி, மணலின் மேலும் கீழும் நீரின் அழுத்தத்தை அளந்தார். ரிட்டர் என்னும் எஞ்சினீயர் இச்சோதனைகளில் அவருக்குத் துணையாயிருந்தார். மருத்துவச்சாலையிற் குழாய்களைத் திறந்தும் மூடியும் வந்தமையால் நீரின் அழுத்தம் நிலைகொள்ளாது ஆடியது; அவ்விடையூற்றையும் பொறுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் அளந்தனர்.

கண்ட முடிபு மிக எளியது. 58 சென்டிமீட்டர் மணலில், நீர்மட்ட வேற்றுமை 1.11 மீட்டராயிருந்தபோது நிமிஷத்திற்கு 3.60 லிட்டர் நீர் சென்றது, வேற்றுமை 2.36 மீட்டராயினபோது 7.65 லிட்டர் சென்றது. வேற்றுமை ஏறக்குறைய இருமடங்கிற்குச் சிறிது மிகுதியாயிற்று. நீரும் அவ்வளவே மிகுந்தது. மணலின் கனம் மிகுந்துழி நீர் அதற்கேற்பக் குறைந்தது. ஆகவே, மணலூடே செல்லும் நீரின் அளவு, இருபுறத்து நீர்மட்ட வேற்றுமைக்கு நேராகவும், மணலின் கனத்திற்கு மாறாகவும், மணலின் தன்மைக்கேற்ற ஓரெண்ணைத் தழுவியும் நிற்கும் என்பது டார்சி கண்ட நெறி. டிஜோன் நகரத்துப் பொது நீரூற்றுக்களைப் பற்றி அவரெழுதிப் 1856-இல் வெளியிட்ட பெருநூலின் பின்னிணைப்பொன்றில் இந்நெறி சில பக்கங்களில் அடங்கிக் கிடக்கின்றது. ஈராண்டுக்குள், 1858-ஆம் ஆண்டு சனவரியில், அவர் காலஞ்சென்றார். டிஜோன் நகரின் நடுவிடத்து வெளியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இந்நெறியைப் பள்ளிச் சிறுவரும் செய்து காணலாம். மூங்கிற் குழாயொன்றின் அடியிற் சீலை கட்டி, கழுவிய மணலைப் பாதியளவு இட்டு, மேலே நீர்மட்டம் மாறாதபடி ஊற்றிக்கொண்டே வந்து, கீழே சொட்டும் நீரை ஒரு நாழிகைக்கு எத்தனை உழக்கென்று அளந்தால் போதும். மணலுக்கு மாறாகக் களிமண் இட்டுப் பார்ப்பின் வேறுபாடு உடனே புலனாகும்.

அவ்வேறுபாட்டின் பெருமை நினைக்குந்தோறும் வியப்பைத் தருவதாகும். மணலின் பொடி சிறுக்கச் சிறுக்க அதன் ஊடே செல்லும் நீர் விட்டத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். அஃதாவது பொடியின் விட்டம் பத்திலொன்றானால் நீர் நூற்றிலொன்றாகும். ஆதலின் பருமணலுக்கும் செறிந்த களிமண்ணுக்கும் பத்திலட்சம் மடங்கு வேற்றுமை காணப்படுதல் அரிதன்று. பருமணலில் ஒரே நாளிற் கடக்கும் தொலைவை அத்தகைய களிமண்ணிற் கடக்க நீருக்குப் பத்திலட்சம் நாள், அதாவது ஏறக்குறைய 2,740 ஆண்டு வேண்டும். ஏரிக்கரையின் நடுவே களிமண் இட்டு மிதித்துக் கட்டும் வழக்கத்தின் காரணமும், ஆற்றோரத்துக் கிணறு விரைவில் ஊறுதலின் காரணமும் இந்த ஓரெண்ணில் அடங்குகின்றன.

டார்சிக்குப் பின் அவர் நாட்டினராகிய டுப்புயி என்பவர், 1863-இல் இந்நெறியைக் கிணற்றுக்குப் பொருத்திக் கணக்கிட்டார். கிணற்றில் இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் ஒரு கவிழ்ந்த கூம்பு போலத் தாழ்கின்றது. கிணற்றருகிற் செங்குத்தாகவும், தொலைவிற் செல்லச் செல்லச் சரிவாகவும் அமைகின்றது. இக்கணக்கினாற் புலனாகும் ஒருண்மை நம்மனோர்க்குப் பெரிதும் பயன்படுவதாம். மணற்பாங்கான நிலத்தில் கிணற்றின் விட்டத்தை இருமடங்காக்கினால் ஊற்றும் இருமடங்காகும் என்று பலர் கருதுவர். உண்மையில் ஊற்றுப் பெருக்கம் பத்திலொரு பங்களவே. பெருங்கிணறு இரவெல்லாம் ஊறிய நீரைச் சேமித்து வைத்தற்கு உதவும்; ஊற்றினைப் பெருக்குதற்கு அத்துணை உதவாது. ஊற்றுப் பெருக வேண்டின் நீரேந்திய படுகையில் மேலும் ஆழ இறங்குதலே வழி.

இனி, இத்துறையிற் பௌதிகப் பேராசிரியர்கள் புகுந்த காரணத்தைக் கூறுவாம். டார்சியின் நெறியை உற்று நோக்கிய அறிஞர், அதற்கு இரண்டு உடன்பிறப்புக்கள் இருத்தலைக் கண்டனர். சூட்டின் ஓட்டத்தைப் பற்றிப் பூரியே என்பார் 1822-இல் எழுதிய நூலும், மின்சார ஓட்டத்தைப் பற்றி ஓம் என்பார் 1827-இல் வெளியிட்ட விதியும் அதே வடிவினவாய் இருந்தன. சூடு வெம்மை மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்கும், மின்சாரம் அழுத்தம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்கும் செல்லுதல் போலவே, நிலத்தடி நீரும் மட்டம் உயர்ந்த இடத்தினின்று தாழ்ந்த இடத்திற்குச் செல்கின்றது. ஆகவே சூட்டிற்கும் மின்சாரத்திற்கும் அமைந்த கணிதமனைத்தும் நிலத்தடி நீருக்கு ஒருங்கே கைவந்தது. விஸ்கான்சின் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியராயிருந்த சிலிக்டர் என்பவர் 1899-இல் இவ்வொற்றுமையை விரித்துரைத்தார். கணிதத்தோடு நில்லாது, நிலத்தினுள் நீர் செல்லும் விரைவை நேரே அளக்கும் வழியொன்றும் அவர் கண்டார். மேலிடத்துத் துளைக்கிணற்றில் நவச்சாரத்தை இட்டு, கீழிடத்துத் துளைக்கிணற்றில் மின்சாரக் கருவியை வைத்தார். நவச்சாரங் கலந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலின், அது வந்து சேர்ந்த நாழிகையைக் கருவி காட்டிவிட்டது. மறைவாக ஓடும் நீரின் விரைவு கடிகாரத்தால் அளக்கப்பட்டது!

ஆயின் டார்சியின் சோதனை நீர் நிறைந்த மணலைப் பற்றியது. உழவன் கைப்படும் மேல்மண்ணோ பெரும்பாலும் நீரும் காற்றும் கலந்து ஈரமாக இருப்பதன்றி நிறைந்து நிற்பதன்று. அம்மண்ணில் நீர் கீழ்நோக்கி மட்டுமன்று, மேல்நோக்கியும் பக்கங்களிலும் செல்கின்றது. அதன் நெறியை முதற்கண் ஆராய்ந்தவர் எட்கர் பக்கிங்காம் என்னும் அமெரிக்கப் பௌதிகநூலறிஞர். அவர் ஜெர்மானிய தேசத்து லைப்சிக் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, பிரின் மார் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்து, பின்னர் அரசாங்கத்தின் மண்ணாராய்ச்சி இலாகாவிற் சில ஆண்டு உழைத்தவர். 1907-இல் வெளிவந்த சிறு நூலொன்றில், ஈரமண் நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கும் வலிமையை ஓரளவையாகக் கொண்டு, ஈரம் மிக்க மண்ணினின்று உலர்ந்த மண்ணுக்கு நீர் செல்வதை அவ்விழுப்பின் வேற்றுமையாற் கணக்கிடலாமென்று காட்டினார். வெம்மை மிக்க வறண்ட காலத்தில் மண்ணின் மேற்புறம் விரைவில் உலர்ந்து ஒரு போர்வை போலாகி, கீழுள்ள ஈரம் ஆவியாகாமற் காக்கும் என்பதும் அவர் சோதனையாற் கண்டது. நம் உழவர் கோடையில் மேற்புழுதியை நிறுத்தி உழுதல், ஒருவாற்றான் இவ்வுண்மையைக் கைக்கொண்டதேயாகும்.

பக்கிங்காம் கருத்தாற் கண்டதைக் கருவியால் அளந்தவர் வில்லார்டு கார்டினர். இவர் அமெரிக்காவில் மழை குறைந்த மலைநாடாகிய யூட்டாவின் விவசாயக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியர். வாய்க்கால் நீரை நம்பி வாழும் அந்நாட்டு உழவர்க்கு, எப்பொழுது பாய்ச்சுவது, எவ்வளவு பாய்ச்சுவது என்பதே பெருங்கவலை. கார்டினரும் அவர் துணைவரும் 1922-இல் நுண்துளைகளையுடைய மட்கிண்ணம் ஒன்றை நீரால் நிரப்பி மண்ணிற் புதைத்து, அதனோடு அழுத்தமானியைப் பொருத்தினர். மண் உலர உலர அது கிண்ணத்து நீரை இழுக்கும். அவ்விழுப்பு மானியிற் காணும். நம் மண்பானை வெளியே ஈரங் கசியுமாறு போல எளிய இத்தத்துவமே, பயிரின் வேர் நீருக்காகப் படும் பாட்டை எண்ணால் உரைக்கும் கருவியாயிற்று. வயலிற் புதைக்கும் இக்கருவி இன்றும் பல நாட்டிலும் வழக்கிலுள்ளது.

அவர் மாணாக்கராகிய லொரென்சோ ரிச்சர்ட்சு, 1931-இல் டார்சியின் நெறியையும் பக்கிங்காமின் கருத்தையும், நீர் அழிவதுமில்லை புதிதாகத் தோன்றுவதுமில்லை என்னும் பொதுவிதியையும் ஒன்று சேர்த்து ஒரு சமன்பாடு வகுத்தார். மழை மண்ணில் இறங்குதல் முதல் உரம் நிலத்தடி நீரிற் கலத்தல் ஈறாக எல்லாவற்றையும் இன்று கணக்கிடுவார்க்கு அச்சமன்பாடே அடிப்படை. அதனின்று விளங்கும் விந்தையொன்றைக் கூறி மேற்செல்வாம். நீர் நிறைந்துழி நீரை எளிதில் விடுவது மணல். ஆயின் ஈரங் குறைந்துழி மணலின் பெருந்துளைகள் காற்றால் நிரம்பி, நீருக்கு வழியே இல்லாமற் போகின்றது. களிமண்ணின் நுண்துளைகளோ அப்பொழுதும் நீரைக் கடத்துகின்றன. ஆகவே நுண்மண்ணின் கீழ் மணலடுக்கு ஒன்று இருப்பின், மேல்மண் ஏறக்குறைய நிறையுமளவும் நீர் அம்மணலிற் புகாது நிற்கும். மணல் போட்டால் நீர் விரைந்து இறங்கும் என்று எண்ணிச் செடித்தொட்டியின் அடியில் மணலும் கல்லும் இடுவார், எண்ணியதற்கு மாறானதையே பெறுகின்றனர்.

இவ்வழியில் வந்த மற்றொரு பௌதிகப் பேராசிரியர் டான் கிர்க்காம். இவர் 1938-இல் கொலம்பியா சர்வகலாசாலையிற் பௌதிகத்திற் பட்டம் பெற்று, 1946 முதல் அயோவா நாட்டுக் கல்லூரியில் நீர் தேங்கும் வயல்களை வடிக்கும் புதைகுழாய்களைப் பற்றி ஆராய்ந்தார். நீர் தேங்கிய நிலத்தில், குழாய்க்கு நேர்மேலேயுள்ள குறுகிய பகுதியினின்றே பெரும்பாலான நீர் இறங்குகின்றது, இரு குழாய்களின் இடைப்பட்ட நடுவிடத்து நீர் பெரும்பாலும் அசையாதே நிற்கின்றது என்பது அவர் கணக்கினால் விளங்கிய செய்தி. உப்பு மண்ணைக் கழுவ முழுவயலிலும் நீர்தேக்குவார், நடுவிடத்து உப்பு நீங்காமையின் காரணத்தை இதனால் அறியலாம்.

இனி, அயலான் கிணறு எத்தனை நாளில் வற்றும் என்னும் வினாவிற்கு வருவோம். டுப்புயியின் கணக்கு நீர்மட்டம் நிலைகொண்டபின் பொருந்துவது. நாள்தோறும் தாழுங்காலத்துக்குப் பொருந்துவதன்று. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலநூல் இலாகாவினராகிய சார்ல்ஸ் தைஸ் என்பார், லூபின் என்னும் கணித நண்பரின் துணைகொண்டு, சூட்டிற்கமைந்த கணிதத்தை எடுத்துக் கிணற்றுக்குப் பொருத்தி அதற்கு விடை கண்டார். இறைப்பதனால் உண்டாகும் தாழ்வு வட்டமாகப் பரவிக்கொண்டே செல்லும். நாள் நான்கு மடங்காகுங்கால் தாழ்வு இருமடங்கு தொலைவை எட்டும். 1940-இல் அவர் மற்றுமோர் உண்மையை வலியுறுத்தினார். கிணற்றினின்று எடுக்கும் நீர் வெறும் வெளியினின்று வருவதன்று. முதலிற் படுகையிற் சேர்ந்திருந்த நீர் குறையும். பின்னர், ஊற்றாகவும் ஆறாகவும் வெளிப்பட்டிருக்க வேண்டிய நீர் குறையும். ஒருவன் எடுத்ததை மற்றொருவனோ, மற்றொரு காலமோ இழந்தே தீரும். வரவு செலவுக் கணக்கறிந்த எவரும் இதனை மறுக்கவியலாது.

பாறைநிலத்தின் இயல்பு சிறிது வேறு. கருங்கல்லில் நீர் கல்லின் உடலூடே செல்வதன்று. வெடிப்புக்களின் வழியே செல்வது. வெடிப்பின் அகலம் இருமடங்காயின் நீர் எண்மடங்காகும். மும்மடங்காயின் இருபத்தேழு மடங்காகும். அருகருகே தோண்டிய இரு கிணறுகளுள் ஒன்று வற்றாதிருப்பதும் மற்றொன்று வறண்டு கிடப்பதும் இதனாலேயாம். அதிருஷ்டம் என்று நாம் கூறுவது பல சமயம் ஒரு மயிரிழை அகலமே. பாறையினுள் நீரின் அழுத்தத்தைக் கருதாமையால் நேர்ந்த கேட்டிற்குப் பிரெஞ்சு தேசத்து மல்பாசே அணையே சான்று. 1959-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு அவ்வணை உடைந்து நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையின் அடிப்பாறையிற் புகுந்த நீரின் அழுத்தம் பாறையைப் பெயர்த்ததே அதற்குக் காரணமென்று ஆராய்ந்தோர் கண்டனர். டார்சி பிறந்த நாட்டிலேயே அவர் நெறியைப் பாறைக்குப் பொருத்தி நோக்காத குறை இங்ஙனம் முடிந்தது.

இவ்வரலாற்றை நியாயஸ்தலத்தில் தொடங்கினோம். ஆண்டே முடித்தலும் தகும். 1984-ஆம் ஆண்டில் ஒஹையோவின் உயர்தலை நியாயஸ்தலம், கல்லுடைக்கும் குழியொன்றினால் தம் கிணறுகள் வற்றினவென்று முறையிட்டோர் வழக்கில், 1861-ஆம் ஆண்டின் தன் பழந்தீர்ப்பைத் தானே மாற்றிற்று. ஒருவன் நிலத்தடி நீரை எடுத்தல் அயலாருக்கு நியாயமற்ற கேடு விளைப்பதாயின் அவன் விடைகூறக் கடமைப்பட்டவன் என்பதே புதிய நெறி. அறியவியலாது என்னும் பழைய காரணம் இனி நில்லாது என்பது ஆண்டு எடுத்துரைக்கப்பட்டது. டார்சியின் நூல் வெளிவந்து 128 ஆண்டு கழிந்தபின், அறிவு நீதியின் வாயிலை எட்டிற்று.

நம் நாட்டின் நிலை யாது? 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் முதற்கண் செல்லுபடியான இடங்களுள் நம் சென்னை இராஜதானியும் ஒன்று. அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவில் தரப்பட்ட உதாரணங்களுள் ஒன்று, குறித்த கால்வழியில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ள நிலத்துக்குரியானுக்கு உரிமையுண்டு என்கின்றது. 1843-ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பின் நிழலே அஃதென்பது வெளிப்படை. சென்னை மாநகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் நிலத்தடி நீரெடுப்பை ஒழுங்குபடுத்த 1987-இல் தனிச்சட்டம் பிறந்தது. ஆயினும், 'என் நிலம், என் கிணறு, என் நீர்' என்னும் எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியே நிற்கின்றது. நிலத்துக்கு வரப்பு உண்டு; நீருக்கு வரப்பு இல்லை. வரப்பைக் கண்டு வகுத்த உரிமையை, வரப்பைக் காணாத நீரின்மேல் ஏற்றியதே நம் பூசல்களுக்கெல்லாம் வித்து.

நம் சங்கத்துச் சகோதரர்களே! நம்மில் எத்தனையோ பங்காளிக் குடும்பங்கள் கிணற்று வழக்கினாற் பிரிந்து, நியாயஸ்தலத்தின் படியேறி, கிணற்றின் விலையினும் மிகுதியான பொருளைச் செலவிட்டிருத்தலை நீவிர் அறிவீர். அவன் ஆழ்துளைக் கிணறு இறக்கினான், என் கிணறு வற்றியது என்று ஒருவர் கூறுவர். மழையில்லாமையால் வற்றியது என்று மற்றவர் கூறுவர். இருவரும் அளந்து கூறுவதில்லை. அளத்தலோ அரிய காரியமன்று. ஒரு கயிற்றிற் கல்லைக் கட்டி முழக்கணக்கு முடிச்சிட்டு, அமாவாசைதோறும் ஒரே நாட்காலையில், இறைக்குமுன், ஊர்க்கிணறுகள் யாவற்றின் நீர்மட்டத்தையும் அளந்து ஒரே புத்தகத்திற் குறித்து வைக்கலாம். ஐயமுற்றவிடத்து, ஒரு கிணற்றிற் சில நாள் இறைப்பை நிறுத்தி, அயற்கிணற்றின் மட்டம் ஏறுகின்றதோ இல்லையோ என்று பெரியோர் முன்னிலையில் நோக்கலாம். நம் ஊர்ச்சங்கங்கள் இப்புத்தகத்தைத் தம் பொறுப்பில் வைத்துப் பேணுமாயின், பல வழக்குக்கள் வாயிற்படியிலேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்கும் தக்க சான்று கிடைக்கும். அளந்தறிந்தபின் முறைவைத்து இறைத்தலும், குளந்தூர்த்து நீரிறங்கும் வழியடைத்தலை ஒழித்தலும் எளிதாம்.

டிஜோன் நகரத்து மருத்துவச்சாலை முற்றத்தில் டார்சி செய்ததும், யூட்டாவின் வயல்களிற் கார்டினர் செய்ததும், அளத்தலன்றி வேறில்லை. கண்ணுக்கு மறைந்ததெல்லாம் அறிவுக்கு மறைந்ததன்று என்பதே அவர்கள் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம். நீர் செல்லும் வழி அறியப்படாதிருந்த காலத்து நம் முன்னோர் செய்த பிழை பொறுக்கற்பாலது. அறிந்தபின்னும் அறியாதார் போல் அயலான் கிணற்றை வற்றச் செய்தல், அவன் வயலில் நின்ற கதிரை அறுத்தலோடு ஒக்கும். ஆதலின் நம் குலத்து இளைஞர் இந்நூற்பொருளைப் பயில்வாராக; முதியோர் அதனை ஊர்நன்மைக்குப் பயன்படுத்துவாராக.